மிச்ச நேரத்து ஓவியம்

ஓவியன் என்று என்னைப் பார்க்க வருகிறவர்கள் தவறாமல் கேட்பார்கள்: "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சார் வரைவீங்க?" விடிய விடிய வரைவேன், சோறு தண்ணி மறந்துபோகும் என்று ஏதாவது சொல்வேன் என்ற எதிர்பார்ப்பு முகத்திலேயே தெரியும். உள்ளதைச் சொன்னால் அந்த முகம் வாடிவிடும் என்பதால், காபி சாப்பிடுகிறீர்களா என்று பேச்சை மாற்றிவிடுவேன். ஓவியனுடைய நாளில் வரைவதற்குக் கிடைப்பது மிச்ச நேரம்தான். அந்தக் காலத்திலும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். நாளின் முக்கால்வாசியை எது தின்கிறது என்பது மட்டும் மாறியிருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் ஸ்டுடியோ என்பது, வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லுக்கு மேல் இறக்கியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் தாழ்வாரம். ஈசலை அம்மா கொடிக்கம்பமாகத்தான் அங்கீகரித்திருந்தாள். கேன்வாஸை எடுத்த மறுநிமிடம் அதில் அப்பாவின் வேட்டி காயும்.

காலையில் ஓவியக் கல்லூரிக்கு ரயில். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. தேவிபிரசாத் ராய் சௌத்ரியும் கே.சி.எஸ். பணிக்கரும் முதல்வர்களாக இருந்த இடம். அங்கே போய்ச் சேர்வதற்குத் தாம்பரம் - கடற்கரை மீட்டர்கேஜ் மின்சார ரயில், 1931-லிருந்து ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய் வண்ணம் காயாத கேன்வாஸை ஆபீஸ் போகிற வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவே கொண்டுபோனால் உதைதான் விழும். அதனால் வெண்டர் பெட்டியில் ஏறுவேன். கீரைக் கட்டுகளுக்கும் மீன் கூடைகளுக்கும் நடுவில்தான் என் முதல் கண்காட்சிகள் நடந்தன. "மூஞ்சி எங்க கண்ணு?" என்று ஒரு கீரைக்காரம்மா கேட்டார். பின்னாளில் விமர்சகர்கள் என் படங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியபோதும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை.

கல்லூரியில் கோட்டோவியம் பழக சென்ட்ரல் பக்கம் துரத்துவார்கள். மூர் மார்க்கெட் கூட்டம், பக்கத்திலேயே மிருகக்காட்சி சாலை. கூண்டுக்கு முன்னால் நின்று வரைவோம். மிருகங்கள் போஸ் கொடுக்காது என்பதால் கை வேகம் கூடும். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்துபோனது. அதே ஆண்டு மிருகக்காட்சி சாலை வண்டலூருக்குக் குடிபெயர்ந்தது. தாம்பரத்திலிருந்து தினமும் ரயிலேறிப் போய் நான் வரைந்த மிருகங்களெல்லாம், படிப்பு முடிகிற சமயம் பார்த்து என் வீட்டிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி வந்து உட்கார்ந்துகொண்டன.

வீடு திரும்பினால் கேன்வாஸ் தயாரிப்பு. கடையில் கிடைத்த தயார் கேன்வாஸ் எங்கள் கைக்கு எட்டாது. காடாத் துணி வாங்கி நனைத்துக் காயவைத்து, பெட்டி மரத்தில் சட்டம் அடித்து அதில் இழுத்துக் கட்டவேண்டும். முதல் ஆணி ஒரு பக்கத்தின் நடுவில், அடுத்தது நேர் எதிர்ப்பக்கத்தின் நடுவில், அப்புறம் மற்ற இரண்டு பக்கங்களின் நடுவில், அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மூலைகளை நோக்கி. மூலையிலிருந்து தொடங்கினால் துணி சுருக்கு விழுந்து சதி செய்யும். இரவே ஊறவைத்த வஜ்ஜிரத்தைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துக் கொதிக்கவிடாமல் இளக்கவேண்டும். அந்த நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டு மாமி ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்கும். ஒரு பூச்சு பூசிக் காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாக்குப் பொடியும் துத்தநாக வெள்ளையும் கலந்து மேலே இரண்டு பூச்சு. நல்ல வெயிலிருந்தால்கூட மூன்று நாள் போய்விடும். இத்தனைக்கும் பிறகு அதில் ஓவியம் வரைவதென்பது கொஞ்சம் அலட்சியமான காரியமாகத் தோன்றும்.

வண்ணம் வாங்கப் பணம்? அதற்கு சாயங்காலங்களில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு போர்டு எழுதும் கடை. மாஸ்டர் என்னைக் 'காலேஜு' என்றுதான் கூப்பிடுவார். "காலேஜு, எழுத்து நேரா நிக்கணும். உன் பீலிங்கை எல்லாம் வூட்ல கழட்டி வெச்சுட்டு வா" என்பார். சுண்ணாம்பு தோய்த்த நூலை இரண்டு முனையிலும் பிடித்து இழுத்துச் சுண்டினால் தகரத்தில் ஒரு வெள்ளைக்கோடு விழும். அந்தக் கோட்டை விட்டு ஒரு நூல் அளவு விலகினாலும் கூலியில் பிடித்துக்கொள்வார்.

அப்போது வேளச்சேரி சாலையோரமெங்கும் மனைப்பிரிவுகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். நாங்கள் எழுதிய போர்டுகளில் பாதி, ஏதாவது ஒரு நகரின் பெயரைத் தாங்கியவை. எழுத்து முடிந்ததும் மூலையில் ஒரு தென்னைமரம், பின்னால் கொஞ்சம் நீலத் தண்ணீர் போடச் சொல்வார்கள். மனை போட வெட்டிய தென்னைக்கும் தூர்த்த தண்ணீருக்கும் கடைசி உருவப்படத்தை எழுதியது நான்தான்.

கடை சாத்தி, சாப்பிட்டு, வீடு அடங்கிய பிறகு, அறுபது வாட்ஸ் குண்டு பல்புக்குக் கீழே கிடைத்த அந்த மிச்ச நேரத்தில்தான் ஓவியம். ராத்திரி வெள்ளையாகத் தெரிந்தது காலையில் மஞ்சளாகச் சிரிக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஈஞ்சம்பாக்கம் போவோம். அங்கேதான் சொர்க்கம் இருப்பதாகக் கல்லூரியில் எல்லோரும் நம்பினோம். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-ல் உண்டாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம். கடற்கரையோரம் சவுக்கும் மணலும், ஆளுக்கொரு வீடு, நாளெல்லாம் ஓவியம் என்று கற்பனை. போய்ப் பார்த்தால் அங்கேயும் கதை வேறு. ஓவியத்தை நம்பி வயிறு நிறையாது என்று தெரிந்துகொண்ட மனிதர்கள், அதற்கு முன்பே கைவினைச் சங்கம் அமைத்து, மெழுகு காய்ச்சி, சாயத்தொட்டியில் முக்கி, பாத்திக் துணி போட்டு விற்றிருந்தார்கள். அப்படிச் சேர்ந்த காசில்தான் நிலமே வந்தது. நவீன இந்திய ஓவியத்தில் மதராஸுக்கு ஒரு பெயர் இருக்கிறதென்றால், அதன் அஸ்திவாரத்தில் மெழுகு வாசனை அடிக்கும். பெரியவர்கள் கைவினைக்குப் போக மிஞ்சிய நேரத்தில் வரைந்தார்கள். நான் போர்டுக்குப் போக மிஞ்சிய நேரத்தில் வரைந்தேன். என் மனசுக்கு அது பெரிய ஆறுதல்.

பணிக்கர் 1977-லேயே காலமாகிவிட்டார். அறுபதுகளில் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்கள் முன்னால் வெகுநேரம் நின்றிருக்கிறேன். மலையாள எழுத்துகள் போலவும் ஜாதகக் கட்டம் போலவும் கணக்குச் சூத்திரம் போலவும் நுணுக்கி நுணுக்கி எழுதியிருப்பார். படித்தால் ஒன்றும் விளங்காது, பார்த்தால் எல்லாம் விளங்கும். எழுத்தே ஓவியமாகலாம் என்று அவை சொல்லின. மாஸ்டர் கடையில் எனக்கும் நாளெல்லாம் எழுத்துதான் வேலை. ஒரு வித்தியாசம், என் எழுத்து படித்தால் விளங்கியாகவேண்டும்.

இன்றைக்கு வருவோம். எனக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் முறையான ஸ்டுடியோ இருக்கிறது. மாடியில். முன்பு முடிச்சூரில் வாடகைக்கு எடுத்திருந்தது தரைத்தளம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வந்தபோது என் படங்கள் மிதந்து, என்னால் எட்டமுடியாத தூரமெல்லாம் போய்வந்தன. காகிதத்தில் வரைந்தவை கூழாகிவிட்டன. அதிலிருந்து, கலை உயர்ந்த தளத்தில் இருக்கவேண்டும் என்ற கொள்கையில் உறுதியாக இருக்கிறேன்.

வடக்கு ஜன்னல் வைத்துக் கட்டிய அறை. வடக்கு வெளிச்சம் நாள் முழுக்க நிறம் மாறாது என்று ஓவியர்கள் உயிரை விடுவோமே, அது. இரண்டு வருஷம் அனுபவித்தேன். பிறகு எதிர்மனையில் ஐந்து மாடி அடுக்ககம் எழும்பி, சுவருக்கு ஆரஞ்சு வண்ணம் அடித்தார்கள். காலை வெயில் அதில் பட்டுத் தெறித்தால் என் அறையில் வெள்ளை என்று ஒரு நிறமே கிடையாது. கேன்வாஸ், காபி டம்ளர், என் தலைமுடி எல்லாம் ஆரஞ்சு. பதினோரு மணிக்கு மேல்தான் நிறங்கள் தங்கள் சொந்த ரூபத்துக்கு வரும். அந்த அடுக்ககம் நிற்கிற மனைப்பிரிவுக்குத் தென்னைமரப் போர்டு எழுதிய கை எது என்று குடியிருப்போர் சங்கத்திடம் நான் இதுவரை சொல்லவில்லை.

கேன்வாஸ் இப்போது சுருளாக, பூச்சுப் பூசியே வீட்டு வாசலுக்கு வருகிறது. மூன்று நாள் மிச்சம். அந்த மூன்று நாளும் எங்கே போகிறது என்றால், விடியற்காலை அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஜூமில் வகுப்பு. "அங்கிள், அன்டூ எங்கே இருக்கு?" என்று தண்ணீர் வண்ணத்தில் கேட்கிறார்கள். அப்புறம் உள்ளலங்காரக்காரர்களின் வாட்ஸாப். "சார், ஆறுக்கு நாலு. ஏழு குதிரை. சோபா மயில்கழுத்துக் கலர், அதுக்கு மேட்ச்சா. குதிரை லெஃப்ட்ல போகணுமா ரைட்ல போகணுமான்னு வாஸ்துக்காரர் நாளைக்குச் சொல்வார்." குதிரைகள் ஒரு நாள் காத்திருக்கும். அதற்குள் விற்ற படத்துக்குப் பில் போடவேண்டும். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது ஓவியத்துக்குப் பன்னிரண்டு சதவீதம் என்றார்கள். வெண்டர் பெட்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீனும் கீரையும் அந்தத் தொல்லை இல்லாமல் தப்பித்துவிட்டன. பிறகு குமிழ் உறையில் சுற்றி, பிளைவுட் பெட்டி அடித்து கூரியர்.

இதற்கு நடுவில் ரீல்ஸ். அண்ணன் மகள்தான் எடுப்பாள். கேமராவில் தூரிகை அழகாக ஓடவேண்டும், அதே சமயம் படம் கெட்டுவிடக்கூடாது. அதனால் உலர்ந்த தூரிகையை ஏற்கெனவே காய்ந்த இடத்தில் ஓட்டிக் காட்டுவேன். "சித்தப்பா, இன்னும் கொஞ்சம் யோசிக்கற மாதிரி நில்லுங்க" என்பாள். வரைகிற மாதிரி நடிப்பதற்கு ஆகும் நேரத்தில் உண்மையாகவே வரைந்துவிடலாம், ஆனால் அதைப் பார்க்க ஆளில்லை.

ஈஞ்சம்பாக்கமும் 2011-லேயே சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. சோழமண்டலத்தில் 2009-லிருந்து மதராஸ் கலை இயக்கத்துக்கென்று அருங்காட்சியகம் இருக்கிறது. வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் கடலைவிட அதிகமாக இரைகின்றன. அந்தச் சாலையில்தான் போன மாதம் ஒருவர் புதிய கஃபே திறக்க வந்து என்னைப் பிடித்தார். எல்லோரும் ஃபிளெக்ஸ் வைக்கிறார்களாம், அவருக்குக் கையால் எழுதிய பழைய மெட்ராஸ் போர்டு வேண்டுமாம். மாஸ்டர் கடையில் ஒரு மாதம் வாங்கியதைப்போலப் பல மடங்கை அட்வான்ஸாகவே நீட்டினார்.

நூல் பிடித்து, கோடு போட்டு, மாஸ்டர் சொல்லிக்கொடுத்த நேர்த்தியோடு மாதிரி எழுதிக் காட்டினேன். பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"சூப்பர் சார். ஆனா கம்ப்யூட்டர்ல அடிச்ச மாதிரி இருக்கு. கொஞ்சம் கோணலா எழுதுங்களேன். அப்பதான் ஒரிஜினலா இருக்கும்."

இப்போது தினமும் சாயங்காலம் கோணல் எழுத்து பழகிக்கொண்டிருக்கிறேன். கை கோட்டை விட்டு இறங்க மறுக்கிறது. நேரான எழுத்துக்கு ஆன நேரத்தைப்போல மூன்று பங்கு ஆகிறது. ஏழு குதிரையும் இன்னும் திசை தெரியாமல் நிற்கிறது. என் சொந்தப் படத்துக்கு இந்த மாதம் மிச்ச நேரம் வருமா என்று தெரியவில்லை. அட்வான்ஸ் பணத்தில் அதற்கான வண்ணத்தை மட்டும் வாங்கி வைத்துவிட்டேன்.