மூன்று கிலோவும் முன்னூறு கிராமும்

கே: ஏவுகணைக்குச் செய்த பொருள் கால்களுக்கும் உதவியதாமே, உண்மையா?

ப: உண்மைதான். ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் ஒருவர் அப்துல் கலாமின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அக்னி ஏவுகணைக்காகச் செய்த கார்பன் பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தவர், கலாமைக் கையோடு வார்டுக்கு அழைத்துப்போனார். அங்கே சின்னப் பிள்ளைகள் மூன்று கிலோவுக்கு மேல் கனமுள்ள உலோகக் காலிப்பரை, அதாவது காலில் மாட்டும் தாங்கியை, இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார்கள். மூன்றே வாரத்தில் 300 கிராம் காலிப்பர் தயார். பெற்றோர் கண்கலங்கினார்கள். தன் வாழ்வின் பேரானந்தங்களில் ஒன்றாக இதைக் கலாம் மேடைகளில் சொல்லிவந்தார். எனக்கு அக்னியைவிட இந்தக் காலிப்பர்தான் பெரிது.

கே: காலை இழந்த ஓட்ட வீரர்கள் மாட்டும் வளைந்த பிளேடுக்குள் மோட்டார் இருக்கிறதா?

ப: கிடையாது. கார்பன் இழைத் துணியை ரெசினில் தோய்த்து, அடுக்கடுக்காக வைத்து இறுக்கியது, அவ்வளவுதான். மிதித்தால் வில் போல வளையும். நிமிரும்போது முன்னே தள்ளும். நாம் கொடுத்த ஆற்றலுக்கு மேல் ஒரு துளிகூடத் தராது. 1976இல் விபத்தில் காலை இழந்த வான் ஃபிலிப்ஸ் என்ற அமெரிக்கர், தனக்குக் கிடைத்த செயற்கைக் காலை ஏற்க மனமில்லாமல் தானே உருவாக்கிய வடிவம் அது.

கே: அப்படியானால் ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலுக்கு வேலை முடிந்ததா?

ப: பிளேடோடு வயலில் இறங்கச் சொல்லுங்கள் பார்ப்போம்! குத்தவைத்து உட்காரவும் வெறுங்காலோடு நடக்கவும் 1960களிலேயே வழிசெய்தது ஜெய்ப்பூர் கால்.

கே: சர்க்கரை நோயால் அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விலை உயர்ந்த கார்பன் கால் வாங்கலாமா?

ப: அவசரப்படாதீர்கள். எஞ்சிய கால் உள்ளே உட்காரும் சாக்கெட்டை முதலில் கவனியுங்கள். அது உறுத்தினால் எத்தனை லட்சம் கொட்டி வாங்கிய பாதமும் கட்டிலுக்கடியில்தான் கிடக்கும். அறுவைக்குப் பின் மாதக்கணக்கில் வீக்கம் வடியும், கால் சிறுக்கும், சாக்கெட் லொடலொடக்கும். பிளாஸ்டிக் சாக்கெட் என்றால் சூடுகாட்டி ஓரளவு திருத்தலாம். ரெசின் போட்ட கார்பன் இறுகினால் இறுகியதுதான். கால் ஒரு அளவுக்கு வந்து நிலைக்கட்டும், பிறகு கார்பனைப் பற்றிக் கேளுங்கள். இன்னொன்று: அப்பாவுக்கு உணர்ச்சி மரத்திருக்கலாம், புண் வந்தாலும் வலிக்காது. தினமும் கழற்றியதும் கைக்கண்ணாடி வைத்து எஞ்சிய காலை அடிப்பக்கம்வரை பாருங்கள். சிவப்புத் தடம் சிறிது நேரத்தில் மறையாவிட்டால் மறுபடி மாட்டாமல், கால் செய்து கொடுத்தவரிடம் காட்டுங்கள்.

கே: கார்பன் கால் உடையுமா?

ப: உடையும். உலோகம் பெரும்பாலும் வளைந்து காட்டும். கார்பனில் உள்ளே அடுக்கு பிரிவது வெளியே தெரியாது. நடக்கும்போது புதிதாக 'டக்'கென்று சத்தம் வந்தால் அன்றைக்கே கழற்றிக் காட்டிவிடுங்கள்.