காசிமேட்டுக் கத்தியின் முதுகு: ஒரு மில்லிமீட்டர் ஆராய்ச்சி

தமிழில் இரும்பைப் பற்றி எழுதப் புகுபவர் கொடுமணலில் தொடங்கி, பழந்தமிழர் உருக்கின் பெருமையைச் சொல்லி, மூன்றாம் பக்கத்தில் விஷயத்துக்கு வருவது மரபு. இடநெருக்கடியால் அந்த மரபை இங்கே மீற வேண்டியிருக்கிறது. எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. காசிமேட்டில் மீன் ஆய்பவர் கையிலும், படகில் கயிறு அறுப்பவர் பக்கத்திலும், இராயபுரத்துத் தெருவோரம் மாங்காய் கீறி விற்பவர் தட்டிலும் கிடக்கிற, மடக்க முடியாத, சாண் நீளம்கூட இல்லாத சின்னக் கத்தி. அதிலும் நீளம் அல்ல, கூர் அல்ல, முதுகின் தடிமன் மட்டுமே ஆய்வுக்குரியது. அறிவுலகம் இதைப் புறக்கணித்தது என்பதற்குச் சட்டமே சாட்சி. 1962ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியை, அது வீட்டுக்கோ வயலுக்கோ தொழிலுக்கோ செய்ததாக இல்லாவிட்டால், ஆயுதப் பட்டியலில் சேர்த்தன. நீளம் வந்தது, அகலம் வந்தது, தடிமனைக் காணோம். மூன்று பரிமாணமுள்ள குற்றவாளியை இரண்டு பரிமாணத்தில் விசாரித்து அனுப்பிவிட்டார்கள். வட சென்னையைக் காட்டுகிற சினிமாவும் இதில் சட்டத்தின் வழியே போகிறது. தோல் உறையிலிருந்து உருவினாலும் அதன் கத்தி உலோகச் சத்தம் போடும்; ஆனால் முதுகுப் பக்கம் நின்று அதை ஒரு முறையாவது பார்த்த கேமரா இல்லை.

இத்துறையில் கட்சி இரண்டு. கத்தி என்றால் கையில் கனக்க வேண்டும், முதுகு நாலு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது தடிமன் கட்சி. இரண்டே போதும் என்பது மெல்லிசுக் கட்சி. இரண்டும் கொள்கையால் பிறந்தவை என்று நினைப்பது தவறு; காயலான் கடையில் பிறந்தவை. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தந்து, 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய ஆலை இருக்கும் ஊர் எண்ணூர். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற சாலை திருவொற்றியூருடையது. லாரி இருக்கிற ஊரில் ஒடிந்த ஸ்பிரிங் பட்டை இருக்கும். அது இருக்கிற ஊரில் அதைக் கத்தியாக்க உலையும் சம்மட்டியும் இருக்கும். பட்டை ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய தடிமனில் உலைக்குப் போகிறது. அதை இரண்டு மில்லிமீட்டருக்குக் கொண்டுவர எத்தனை அடி, எவ்வளவு கரி என்பதைக் கொல்லர் அறிவார். ஆகவே நாலில் நின்றுபோன கத்தி பாதி கொள்கை, பாதி தோள்வலி. மறுபக்கம், பட்டறைகளில் இரும்பு அறுக்கும் இயந்திர ரம்பத்தின் பிளேடு பல் தேய்ந்து வெளியே வரும்போதே ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர்தான். அதைத் தேய்த்துப் பிடி போட்டால் மெல்லிசுக் கட்சிக்கு ஓர் உறுப்பினர் தயார். வாங்குகிறவர் இதையெல்லாம் கேட்பதில்லை. கைக்கு வந்ததைக் கொண்டு கட்சி சேர்கிறார்.

இனி வாதம். கத்தி என்பது ஓர் ஆப்பு. வாயிலிருந்து முதுகுவரை சீராகச் சரித்த, 25 மி.மீ. அகலமுள்ள கத்தியை எடுத்துக்கொண்டால், முதுகு 4 மி.மீ. இருந்தால் அந்த ஆப்பின் கோணம் சுமார் 9 பாகை, 2 மி.மீ. இருந்தால் நாலரைக்குச் சற்று மேல். ஆனால் சாணை பிடித்த வாயின் கோணம் இந்த இரண்டையும்விடப் பல மடங்கு பெரியது, 30 முதல் 40 பாகை. அது இரண்டு கத்தியிலும் ஒன்றாகவே இருக்கலாம். அதனால் பொருளுக்குள் நுழையும் முதல் மயிரிழை தூரத்தில் இரண்டு கத்திக்கும் வேறுபாடு தெரியாது. கடையில் காகிதம் கீறிப் பார்த்து வாங்குகிறவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். காகிதம் வாயை மட்டுமே சந்திக்கிறது. முதுகு வந்து சேர்வதற்குள் அது இரண்டாகி விலகிவிடுகிறது. மாங்காய் அப்படி விலகாது. கத்தி எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவுக்கு இரு பக்கமும் அதன் கன்னங்களை நெருக்கும். தடித்த கத்தி அந்த நெருக்கலை வென்றாக வேண்டும். பாதி தூரம் போனதும் ‘படக்’ என்று காய் தானாகப் பிளந்துவிடும். கீற்று கீற்றாக வர வேண்டிய காய் கோணல் துண்டங்களாக வரும். வியாபாரி அதைக் கத்தியின் கூர்க்குறை என்று நினைத்து மறுபடி சாணைக்கு அனுப்புவார். குற்றம் முதுகுடையது, தண்டனை வாய்க்கு. மாலை ஆறு மணிக்குத் திருவொற்றியூர்ப் பேருந்தில் ஏறுகிறவரைக் கவனித்தாலும் இது விளங்கும். ஒல்லியானவர் படியிலிருந்து நடு வழிவரை போய்விடுவார். பருமனானவர் போக வேண்டுமானால் பேருந்தே நகர வேண்டும்.

இங்கே மெல்லிசுக் கட்சி வெற்றி முழக்கம் எழுப்பினால் அது அவசரம். பேருந்து காலியாக இருந்தால் பருமன் ஒரு பொருட்டே அல்ல. தடிமனின் தண்டனை, வெட்டப்படும் பொருள் வழிவிடுகிறதா என்பதைப் பொறுத்தது. இழுவையில் நிற்கும் நைலான் கயிறு, கத்தி பட்ட மாத்திரத்தில் தன் இழுவையாலேயே வெட்டைத் திறந்துவிடும். அங்கே முதுகு இரண்டானாலும் ஐந்தானாலும் ஒன்றுதான். கவளை, சங்கரா போன்ற சிறு மீனின் வயிற்றைக் கீறும்போதும் சதை குழைந்து ஒதுங்கும். படகிலும் மீன் ஏலக் கூடத்திலும் தடித்த கத்திக்காரர்கள் தங்கள் கொள்கையின் பிழையை உணராமலே காலம் கழிப்பதற்கு இதுவே காரணம். அவர்கள் பொருள் அவர்களை மன்னித்துக்கொண்டிருக்கிறது. அதே கத்தியை வீட்டுக்குக் கொண்டுபோய் மரவள்ளிக் கிழங்கில் வைத்தால் மன்னிப்பு நின்றுவிடும். இளநீர்க்காரரின் அரிவாளோ இதற்கு நேர் எதிர். அவருக்கு மட்டை பிளந்து விலக வேண்டும், ஆகவே அவருடைய ஆப்பு தடித்திருப்பதே சரி. அந்த அரிவாளைப் பார்த்துத்தான் சின்னக் கத்திக்கும் முதுகு வேண்டும் என்ற ஆசை பிறந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. ஆய்வைத் தொடர விரும்புவோர் ஏப்ரல் 15க்கும் ஜூன் 14க்கும் இடையே காசிமேட்டுக்குப் போக வேண்டாம். விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. சோதனைப் பொருளின் விலை ஆராய்ச்சியாளருக்குக் கட்டாது.

தடிமன் கட்சியின் பலமான ஆட்சேபம் உறுதி பற்றியது, அதைத் தட்டிக் கழிக்க முடியாது. பட்டையின் விறைப்பு தடிமனின் முப்படியாக ஏறும். இரண்டை நாலாக்கினால் எட்டு மடங்கு. ஒடியாமல் தாங்கும் சுமை இருபடியாக ஏறும், நாலு மடங்கு. ரம்பப் பிளேடுக் கத்தியை நெம்பப் பயன்படுத்தினால் அது வளைந்து கொடுக்காமல் ‘டக்’ என்று போய்விடும் என்பதும் உண்மை. அந்த இரும்பு அவ்வளவு கடினம். ஆனால் என்ன நெம்புகிறார்கள்? பெயின்ட் டப்பா மூடி, ஐஸ் பெட்டியின் ஆணி, எண்ணூர்க் கழிமுகத்துச் சிப்பி. சிப்பிக்கு மட்டும் குட்டையான, தடித்த, கூரே இல்லாத தகடு நியாயம். மற்ற இரண்டுக்கும் திருப்புளி என்றொரு கருவி உலகில் இருக்கிறது. ஆண்டுக்கு நாலு முறை நெம்புவதற்காக நாளுக்கு நானூறு வெட்டில் அபராதம் கட்டுவது எந்தக் கணக்கிலும் வராது. மேலும் விறைப்பு எப்போதும் வரம் அல்ல. நடுமுள்ளை ஒட்டி வஞ்சிரத்தின் சதையைப் பிரிக்க, முள்ளோடு வளைந்து போகிற மெல்லிய கத்தியே முள்ளில் சதையை விட்டுவைக்காது.

இன்னோர் ஆட்சேபம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. காட்டில் கூடாரம் போடுகிறவர்கள் கத்தியை விறகின் தலையில் வைத்து இன்னொரு கட்டையால் அடித்துப் பிளக்கிறார்கள், அதற்கு ஐந்து மில்லிமீட்டர் முதுகு வேண்டும் என்கிறார்கள். இராயபுரம் மார்கழியிலும் மின்விசிறி போடுகிற ஊர். அதைவிட முக்கியம், உண்மையிலேயே குளிருகிற சுவீடனில் மோரா என்ற ஊரின் பெயரைச் சுமக்கும் மலிவான கத்திகள் பெரும்பாலும் இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டரிலேயே காட்டு வேலை பார்க்கின்றன. பெரிய மீனைத் துண்டு போட எடை வேண்டாமா என்று மூன்றாமவர் கேட்கலாம். வேண்டும், ஆனால் அது வெட்டுக்கத்தியின் வேலை. 10 செ.மீ. நீளமும் இரண்டரை செ.மீ. அகலமும் உள்ள தகடு, சரிக்காத நிலையில், 2 மி.மீ. தடிமனில் 39 கிராம், 4 மி.மீ. தடிமனில் 78. இடையிலுள்ள 39 கிராமை நம்பி வஞ்சிரத்தின் நடுமுள்ளில் இறங்குகிறவருக்கு முள்ளே பதில் சொல்லும்.

எஞ்சுவது மூப்பு. கத்தியின் வாழ்நாளில் முதுகு மாறுவதில்லை; சாணைக்குச் சாணை வாய்தான் மேலே ஏறுகிறது. 25 மி.மீ. அகலமும் 3 மி.மீ. முதுகுமாகப் பிறந்த கத்தி தேய்ந்து தேய்ந்து 15 மி.மீ. ஆகும்போது, அதன் வாய் இருக்கும் இடத்தின் தடிமன் 1.2 மி.மீ. ஆகிவிடும். வெளியே இளைத்துப்போன கத்தி, வெட்டும் இடத்தில் பருத்திருக்கிறது. மழுங்கியதை இந்த ஊர் ‘மொக்கை’ என்கிறது. அச்சொல் சினிமாவுக்கும் சொற்பொழிவுக்கும் (இத்தகைய ஆய்வுகளுக்கும்) பரவிய பின்னும் அதன் முதல் பொருள் மீன் கடையில் உயிரோடு இருக்கிறது. ஆனால் பழைய கத்தி மொக்கையாக இல்லை. கட்டைவிரலில் வைத்துப் பார்த்தால் கூர் இருக்கும், மாங்காயில் வைத்தால் போகாது. அதைச் சைக்கிள் சாணைக்காரரிடம் நீட்டினால் வாயை மட்டும் பொறி பறக்கத் தேய்த்துத் தருவார். கன்னத்தையும் தேய்த்து இளைக்கச் சொல்லி இன்னொரு பத்து நிமிடம் நிற்க வேண்டும்.