கண்டென்சர் ஐயா

ஸ்பிரிங்வெளியிலிருந்து பதுளை டவுனுக்கு இறங்கும் காலை பஸ்ஸில், ஒருவர் பழைய பிஸ்கட் டின்னை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தால், அதற்குள் பிஸ்கட் இருக்காது. பஞ்சுக்கு நடுவில் ஒரு வால்வு படுத்திருக்கும். பக்கத்தில் இருப்பவருக்கு டவுன் வருமுன்பே வால்வின் சரித்திரம் முழுக்கத் தெரிந்துவிடும். அவர் கேட்க வேண்டிய அவசியமில்லை.

இந்த மனிதர் ஊவாத் தோட்டங்களில் எந்த உத்தியோகத்திலிருந்தும் வரலாம். ஸ்டோர் எலெக்ட்ரீசனாக இருந்திருப்பார், கிளாக்கராக இருந்திருப்பார், பள்ளிக்கூடத்து மாஸ்டராகவும் இருந்திருப்பார். ஓய்வு பெற்று ஈ.பி.எஃப். காசு கைக்கு வந்ததும் மற்றவர்கள் மகளுக்கு நகை செய்வார்கள், கூரைத் தகரம் மாற்றுவார்கள். இவர் கண்டென்சர் மாற்றுவார். ‘கண்டென்சர் ஐயா’ என்பது தோட்டத்துப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர். அவருக்கும் தெரியும். கோபப்படுவதாகக் காட்டிக்கொள்வார்.

முன்னறையில், அம்மன் படத்துக்குக் கீழே ஒரு வால்வு எம்ப்ளிபயர். முல்லார்ட் கம்பெனி 1954-இல் வரைபடம் வெளியிட்ட ‘ஃபைவ்-டென்’ வகை: ஐந்து வால்வு, பத்து வாட். வரைபடம் கையில் கிடைத்ததும் ஊர் ஊராக ஆட்கள் வீட்டு மேசையிலேயே அதைச் செய்துகொண்டார்கள். இதுவும் யாரோ கையால் செய்ததுதான். துரை பங்களாவிலிருந்து வந்தது என்பார் ஐயா. எந்தத் துரை என்று கேட்டால், சொல்லும் ஒவ்வொரு தடவையும் துரை மாறுவார். மூடி போட்ட நிலையில் அந்தப் பெட்டியை யாரும் கண்டதில்லை. காற்றுப் போக வரிசையாக ஓட்டை வைத்த நல்ல தகர மூடி. வீட்டுக்கார அம்மா அதில் மிளகாய் காயப்போடுகிறார்.

இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பில் எஸ்.பி. மயில்வாகனன் பேசியதைக் கடல் தாண்டித் தமிழ்நாடே கேட்ட காலத்தில், லயத்துப் பையனாக இருந்த இவர் உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டவர். பாட்டோடு சேர்ந்து, ரேடியோவின் முதுகுப் பக்கம் எரிந்த செம்மஞ்சள் வெளிச்சமும் இவரைப் பிடித்துக்கொண்டது. அதை நான் கேலி செய்யப் போவதில்லை. கேலிக்கு வேறு நிறைய இருக்கிறது.

கண்டென்சருக்கு இங்கே முக்கியமாக இரண்டு வேலை. பவர் சப்ளையில் மேடும் பள்ளமுமாக வரும் கரண்டை நிரவிவிடுவது ஒன்று. வால்வுக்கும் வால்வுக்கும் நடுவில் நின்று, பாட்டை மட்டும் விட்டு வோல்டேஜை மறிப்பது மற்றது. முதல் வகைக்குள் ஈரம் இருக்கும். வருஷக்கணக்கில் அது காய்ந்துபோனால் ஸ்பீக்கர் முனகும். இரண்டாம் வகை, பழைய கடதாசிக் கண்டென்சர், கசியத் தொடங்கினால் அடுத்த வால்வின் தகடு சூடேறிச் சிவக்கும். வால்வு போகும், சில வேளை ட்ரான்ஸ்போமரும் கூடவே போகும். ஆகவே பழசைக் கழற்றத்தான் வேண்டும். இதுவரைக்கும் நியாயம் ஐயா பக்கம். கழற்றத் தெரிந்தவருக்கு நிறுத்தத் தெரியாததுதான் வினை.

மாற்றும் நாளில் வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட முடியாது. உள்ளே முந்நூறு வோல்டுக்கு மேல் ஓடும் பெட்டி. ஒரு கையால் வேலை செய், மற்றக் கையைப் பொக்கெட்டில் வை என்பது பழைய ரேடியோக்காரர்களின் விதி. இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும். ஐயா கட்டியிருப்பது சாரம். பொக்கெட்டுக்கு எங்கே போவது? இடது கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். பெரிய துரைக்கு முன்னாலும் கை கட்டாத மனிதர், ஒரு தகரப் பெட்டிக்கு முன்னால் அப்படி நிற்பார்.

பழைய அலுமினியக் குப்பியின் அடியை மெல்ல அறுத்து, சூடு காட்டி, உள்ளே இருக்கும் கருப்புச் சரக்கை இடுக்கியால் இழுத்துப் போடுவார். இந்தக் காலத்துக் கண்டென்சர் கட்டைவிரல் அளவுதான்; இரண்டை உள்ளே வைத்துக் குப்பியை ஒட்டிவிட்டால் வெளியே பார்ப்பவருக்கு 1954 அப்படியே இருக்கும். மாற்றியது யாருக்கும் தெரியக் கூடாது என்று இவ்வளவு பாடு. பிறகு வருகிற ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, பிளேன்டீ கொடுத்து, “உள்ள புதுசு. வெளிய தெரியுதா பாருங்க” என்பார். தெரியவில்லை என்றால் முகம் மலரும். வந்தவர் குப்பியைப் பார்க்காமல் டீயைப் பார்த்தால் வாடிவிடும்.

அதன் பிறகு பாட்டு. வால்வு சூடேறும் வரை காத்திருக்க வேண்டும். பாட்டு பேரனின் போனிலிருந்து வயர் வழியாக வரும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பல்லவி தொடங்கியதும் நிறுத்திவிடுவார்.

“கேட்டீங்களா?”

“நல்ல பாட்டுங்க.”

“பாட்ட உடுங்க. அதுக்கு முன்னால ஒரு அமைதி இருந்துச்சே, அதக் கேட்டீங்களா?”

ஆனால் அந்தக் காது சாதாரணக் காது இல்லை. கோவில் திருவிழாவில் லவுட்ஸ்பீக்கர் செட் முனகினால் இவருக்குத்தான் ஆள் போகும். வந்து, அம்மனைப் பார்த்துக் கண்ணை மூடி நிற்பார். பூசாரி அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு திருநீற்றுத் தட்டோடு வருவார். “இது நூறு. கண்டென்சர் போயிருச்சு” என்பார் ஐயா. இன்னொரு வருஷம், “இது அம்பது. எர்த் சரியில்ல” என்பார். நம் நாட்டுக் கரண்ட் செக்கனுக்கு 50 சுற்று. அதை நேராக்கும்போது மிஞ்சும் அலை 100. இரண்டு முனகலையும் காதாலேயே பிரித்துச் சொல்வார், சரியாகவும் இருக்கும். பாடுவது டி.எம்.எஸ்ஸா சீர்காழியா என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்.

ஹாலிஎலவில் இவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. இருவரும் சேர்ந்தால் சண்டைதான். 50 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 100 போட்டால் இரண்டு மடங்கு நல்லது என்பது கூட்டாளியின் கட்சி. கரண்டை நேராக்கும் ஈ.செட். 81 வால்வு 50-க்கு மேல் தாங்காது, கம்பெனிப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறான் என்பது ஐயாவின் கட்சி. புத்தகம் ஐயா பக்கம்தான். ஒரே விஷயத்தில் இருவரும் ஒற்றுமை: அறுபதுகளின் மஞ்சள் நிற முல்லார்ட் கண்டென்சருக்கு ஈடு எதுவுமில்லை. பேரன் ஒரு நாள் பெட்டிக்குப் பின்னால் குனிந்து, எதையும் தொடாமல், “மஞ்சள மாட்டிட்டேன் தாத்தா” என்றான். கூட்டாளிக்கு வயலின் தெளிந்தது. ஐயாவுக்கு மிருதங்கத்தின் தொப்பி தனியாகக் கேட்டது. பேரன் கொழும்புக்கு வேலைக்குப் போகும் வரை அந்த ரகசியத்தைக் காப்பாற்றினான். இப்போது முதலாம் குறுக்குத்தெருவில் கண்டென்சர் வாங்கி அனுப்புவது அவன்தான். பாவம், அதற்குத் தண்டனை என்றே வைத்துக்கொள்ளலாம்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்கள். பெட்டி அப்போதுதான் பிரித்த நிலையில் மேசையில் கிடந்தது. இருட்டுக்குள் அம்மா தடவித் தடவி வரும் சத்தம் கேட்டதும் ஐயா கத்தினார்.

“அதத் தொட்றாத! கரண்ட் போனாலும் கண்டென்சர்ல கரண்ட் நிக்கும்.”

“நிக்குமா? அப்ப அதுல ஒரு பல்ப எரிய உடுங்களேன்.”

முப்பது வருஷத்தில் அம்மா கேட்ட முதல் தொழில்நுட்பக் கேள்வி. ஐயா நெகிழ்ந்துபோய் மனக்கணக்குப் போட்டார். முந்நூற்று ஐம்பது வோல்ட், ஐம்பது மைக்ரோஃபாரட், வருவது மூன்று ஜூல்.

“அஞ்சு வாட் பல்ப் அரைச் செக்கனுக்குக் கொஞ்சம் மேல எரியும்.”

“போதுங்க. தீப்பெட்டி எங்க இருக்குன்னு பாத்துக்கிறேன்.”