நாலு புள்ளி மூணு

பெங்களூரில் சுமாரான ஓட்டல் என்று ஒன்று கிடையாது. போனைத் திறந்து பாருங்கள்: 4.1, 4.2, 4.3. தெருமுனையில் நின்றபடி சாப்பிடும் தர்ஷினிக்கும் நட்சத்திர ஓட்டலுக்கும் கிட்டத்தட்ட ஒரே மார்க். வகுப்பே டிஸ்டிங்ஷன் வாங்கிவிட்டால் சீட் யாருக்குத் தருவது?

இந்த மார்க் எப்படி விழுகிறது என்று ஒருநாள் நேரில் பார்த்தேன். பில்லோடு கியூஆர் கோடு அட்டையும் வந்தது. பரிமாறிய பையன் நகரவில்லை. "சார், அஞ்சு ஸ்டார் போட்டு என் பேரையும் எழுதிடுங்க சார், மேனேஜர் பாப்பாரு." தோசை நடுவில் வேகவில்லை, காபி ஆறிப்போய் வந்தது. ஆனால் அந்த முகத்துக்கு எதிரே மூன்று போட எனக்கு விரல் வரவில்லை. 'எக்ஸலண்ட் சர்வீஸ்' என்று தட்டிவிட்டு, காபி குடிக்க அடுத்த கடைக்குப் போனேன். அன்றிலிருந்து பரிமாறியவர் பெயர் வரும் பாராட்டை எல்லாம் சம்பள உயர்வு மனுவாகத்தான் படிக்கிறேன்.

ஓட்டலுக்கு நட்சத்திரம் கொடுக்கும் பழக்கத்தைப் பிரபலமாக்கியது ஒரு டயர் கம்பெனி. ஊர் ஊராகக் கார் ஓடினால்தானே டயர் தேயும் என்று மிஷ்லின் 1900இல் வழிகாட்டிப் புத்தகம் போட்டது. 1926இல் நட்சத்திரம் தர ஆரம்பித்தது. அதன் ஆய்வாளர் பெயரைச் சொல்லாமல் வந்து, சாப்பிட்டு, காசு கொடுத்துவிட்டுப் போவார். நம் ஊர் ரீல்ஸ்காரர் விளக்கோடும் ட்ரைபாடோடும் வருகிறார். காசு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் வித்தியாசம்.

லண்டனில் ஊபா பட்லர் என்பவர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று ட்ரிப்அட்வைசரில் பதிந்து, நண்பர்களை விட்டுப் புகழ வைத்தார். படத்தில் இருந்த பண்டங்களில் ஷேவிங் நுரையும் உண்டு. 2017இல் அது லண்டனின் முதல் இடத்துக்கு வந்தது. அதுவரை அங்கே ஒருவர்கூடச் சாப்பிட்டதில்லை. குறை சொல்ல ஆளில்லாததும் அதனால்தான். இப்படிப் பொய் விமர்சனம் பெருகியதால்தான் நம் அரசும் 2022இல் ஆன்லைன் விமர்சனங்களுக்கென்று ஐஎஸ் 19000 என்ற தர நிர்ணயத்தைக் கொண்டுவந்தது.

ஆகவே பாராட்டைத் தள்ளிவிட்டுப் புகாரைப் படியுங்கள். பாராட்டு எல்லாம் ஒரே அச்சு. புகாரில்தான் தகவல் இருக்கும். எனக்கு இந்த ஞானம் என் சகலையால் வந்தது. கும்பகோணத்துக்காரர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, ஜெயநகர்வாசி. கணக்கு டாலியாகாத கோபத்தோடுதான் எந்த ஓட்டலுக்குள்ளும் நுழைவார். சங்கரபுரத்து பிராமின்ஸ் காபி பாரில் விட்டால் 'சாம்பாரே கிடையாது, சட்னி மட்டும்தான்' என்று எழுதுவார். உண்மைதான். 1965இலிருந்து நடக்கும் அந்தக் கடையின் சட்னிக்காகத்தான் ஜனங்கள் தெருவில் நின்றபடி இட்லி சாப்பிடுகிறார்கள். மல்லேஸ்வரம் சிடிஆரில் 'கையெல்லாம் வெண்ணெய்' என்பார். பென்னெ (வெண்ணெய்) தோசைக்கு இதைவிட நல்ல சர்டிபிகேட் உண்டா? எம்டிஆரில் 'இட்லியில் அரிசியே இல்லை' என்பார். இரண்டாம் உலகப் போரின் அரிசித் தட்டுப்பாட்டில் தங்கள் அடுக்களையில் பிறந்தது ரவா இட்லி என்பது அவர்கள் சொல்லும் கதை. காந்தி பஜார் வித்யார்த்தி பவனில் 'முன்பின் தெரியாதவர் எதிரே உட்கார்ந்து என் தோசையைப் பார்க்கிறார்' என்பார். அவ்வளவு கூட்டம் என்று அர்த்தம். 'சாம்பாரில் வெல்லம்' என்றால் சமையல்காரர் உள்ளூர்க்காரர், அவ்வளவுதான். ஆனால் 'எண்ணெய் நாற்றம்', 'வயிறு கலங்கியது' என்று இரண்டு பேர் தனித்தனியே எழுதியிருந்தால், அது ரசனைப் பிரச்சினை அல்ல, வண்டியைத் திருப்புங்கள்.

மார்க் போடுவதும் விளையாட்டல்ல. ஹார்வர்டின் மைக்கேல் லூகா, சியாட்டில் உணவகங்களை ஆராய்ந்து, யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது என்றார். அதுவும் தனிக் கடைகளுக்குத்தான், பெரிய சங்கிலிக் கடைகளுக்கு அசைவில்லை. அதனால் என் நட்சத்திரம் தள்ளுவண்டிக்கும் சின்ன மெஸ்ஸுக்கும்தான். மாலுக்குள் இருப்பவருக்கு என் தயவு எதற்கு?

சகலை திட்டும் கடைகளுக்கு நான் ரகசியமாகப் போய்வருவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால், என்னைக் கெடுப்பதற்காகவே எல்லாக் கடைக்கும் ஐந்து போட ஆரம்பித்துவிடுவார்.