சபதமும் சீசனும்

'கிரேஸ் அனாடமி' 2005-இல் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய அமெரிக்க மருத்துவமனைத் தொடர். சியாட்டில் நகரில் இருக்கும் அந்த மருத்துவமனையில் நோயாளிகளைவிட மருத்துவர்களுக்கே ஆயுசு கெட்டி இல்லை: துப்பாக்கிச் சூடு, விமான விபத்து, லாரி மோதல் என வரிசையாகப் போய்ச் சேர்ந்தார்கள். 11-ஆம் சீசனில் நாயகி மெரெடித்தின் கணவர் டாக்டர் டெரெக் இறந்ததும், இனிப் பார்ப்பதில்லை என்று சபதம் போட்ட ரசிகர்கள் உண்டு. அந்தச் சபதம் நின்ற லட்சணத்தை, பின்வந்த சீசன்களைப் பற்றி அவர்கள் காட்சி காட்சியாக அடுக்கும் புகார்களே சொல்லிவிடும். 16-ஆம் சீசனில் டாக்டர் அலெக்ஸ் கடிதம் எழுதிவிட்டுக் கிளம்பியது துரோகம் என்றார்கள். 17-இல் கோவிட்டில் படுத்த மெரெடித்தின் கனவுக் கடற்கரைக்கு டெரெக்கே வந்து நின்றார். அபத்தம் என்றது ஒரு தரப்பு. அழுதது மறு தரப்பு. அடுத்த வாரம் இரு தரப்பும் ஆஜர்.