கோயில் திண்ணை உச்ச நீதிமன்றம்

1995-ல் திருச்சியைப் பிரித்துப் பெரம்பலூர் மாவட்டம். 2001-ல் பெரம்பலூரைப் பிரித்து அரியலூர் மாவட்டம். 2002-ல் மறுபடி ஒட்டு. 2007-ல் மறுபடி வெட்டு. கலெக்டர் ஆபீஸ் வந்தது, போனது, திரும்பவும் வந்தது. இத்தனை கூத்திலும் இடம் மாறாமல், கலையாமல் நடக்கிற நீதிமன்றம் ஒன்று உண்டு: கோயில் திண்ணை. அதற்கு அரசாணை கிடையாது, கோர்ட் ஃபீஸ் கிடையாது, அப்பீலும் கிடையாது.

அங்கே வழக்கு எப்படி நடக்கும்? பொழுது சாய்ந்ததும் ஆள் விட்டுச் சொல்லியனுப்புவார்கள். திண்ணையில் நாட்டாமை. பக்கத்தில் அவர் மச்சினன். அவருக்குப் பக்கத்தில் இரண்டு கரை வேட்டிகள், இரண்டும் வேறு வேறு கட்சி. சாதி மட்டும் ஒன்று. எதிரி தரையில், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. அவர் மகள் வேறு சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள், அதுதான் குற்றம். சாட்சி? “ஊருக்கே தெரியும்.” தீர்ப்பு? சபையில் விழுந்து கும்பிட்டு, தண்டம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஊர்விலக்கு. மளிகைக் கடையில் சாமான் கிடையாது, சலூனில் நாற்காலி கிடையாது, மக்காச்சோளம் ஒடிக்க ஆள் வராது, இழவு விழுந்தால் தூக்க நாலு பேர் வரமாட்டார்கள். அவரோடு பேசியவனுக்கும் தண்டம். தண்டப் பணம் கோயில் கணக்கில் சேரும். கோயில் கணக்கு நாட்டாமை சட்டைப்பையில் இருக்கும்.

இதை இன்னொரு சபையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஏலாக்குறிச்சி, வரதராசன்பேட்டை பக்கத்துக் கிறிஸ்தவர்கள் பெரிய வெள்ளிதோறும் யூதர்களின் தலைமைச் சங்கத்தைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். ராவோடு ராவாக இயேசுவை விசாரித்த சபை என்பதுதான் அதற்கு நாம் ஒட்டிய அடையாளம். ஆனால் கி.பி. 200 வாக்கில் யூத ரபிகள் தொகுத்த மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பில் அந்தச் சபைக்கான விதிகள் இருக்கின்றன. பெருஞ்சபைக்கு 71 பேர். உயிர் போகிற வழக்குக்கு 23 பேர். பணத் தகராறுக்கு 3 பேர். திண்ணைக் கனவான்களே, மிச்சத்தையும் கேளுங்கள்.

உறவுக்காரன் நீதிபதியாக உட்காரக் கூடாது. போயிற்றா மச்சினன்? சூதாடியும் வட்டிக்கு விடுபவனும் நீதிபதியாகவோ சாட்சியாகவோ வரக் கூடாது. இந்த ஒரு விதியை இங்கே அமல்படுத்தினால் திண்ணையில் நாய் படுக்க இடம் தாராளமாகக் கிடைக்கும். உயிர் வழக்கில் இளையவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். பெரியவர் சொன்னதற்கு அவர் தலையாட்டிவிடக் கூடாதே என்ற கவலை. இங்கே நாட்டாமை செருமினாலே தீர்ப்பு வந்துவிடும். சாட்சிகளைத் தனித்தனியே குடைய வேண்டும். பொய்ச் சாட்சி சொன்னவனுக்கு, எதிரிக்கு என்ன தண்டனை வாங்கித் தரப் பார்த்தானோ அதே தண்டனை. விடுதலை என்றால் அன்றைக்கே. மரண தண்டனை என்றால் ஓர் இரவு கழித்து, அதுவும் இரண்டு ஓட்டு கூடுதலாக இருந்தால்தான். கொலைக்களத்துக்குக் கூட்டிப்போகும்போதுகூட குதிரையோடு ஒருவன் காத்திருப்பான். யாராவது “இவனுக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்” என்று வந்தால் ஓடிப்போய்த் திருப்பிக் கூட்டி வர. எல்லாரும் ஒருமனதாகக் குற்றவாளி என்றால் ஆளை விட்டுவிடு என்றும் ஒரு கருத்து மிஷ்னாவுக்கு விளக்கமாக வந்த பிற்காலத் தல்மூதில் பதிவாகியிருக்கிறது. நீங்களோ, “ஊரே ஒரு முகமாகச் சொல்கிறது” என்பதைத்தான் பெரிய அத்தாட்சியாக நீட்டுகிறீர்கள்.

இத்தனையும் நடைமுறையில் இருந்ததா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். இருக்கட்டும். தீர்ப்பு சொல்கிறவன் கையையும் கட்ட வேண்டும் என்று அந்த ரபிகளுக்குத் தோன்றியதே! ஒன்றில் மட்டும் நீங்கள் அவர்களோடு சரிசமம்: அந்தச் சபையிலும் பெண்ணுக்கு இடமில்லை.

யூதர் கதை நமக்கெதற்கு என்பீர்கள். சரி, சோழர் கதைக்கு வருவோம். அதற்குத்தான் நீங்கள் ஃபிளெக்ஸ் வைப்பவர்கள் ஆயிற்றே. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் உத்திரமேரூரில் வெட்டிய கல்வெட்டு, முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனை மறுபடி குடவோலையில் சேர்க்கக் கூடாது என்கிறது. அவன் மாமனார், மச்சினன், மருமகனையும் சேர்க்கக் கூடாதாம். உத்திரமேரூர்ச் சபை பிராமணர் சபை, மற்றவர்களுக்குக் கதவு சாத்திய சபை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவர்களுக்கே கணக்கு கேட்கும் சுரணை இருந்தது. பராந்தகனின் கொள்ளுப்பேரன் ராஜராஜன். அவன் மகன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் நம் அரியலூர் மாவட்டத்தில்தான் நிற்கிறது. கோபுரத்தோடு செல்ஃபி எடுத்துக்கொள்கிறீர்கள். கோயில் தண்டத்துக்கு ரசீது கேட்டால் மட்டும் முறைக்கிறீர்கள்.

2021 மே மாதம், விழுப்புரம் மாவட்டம் ஒட்டனந்தலில் மூன்று தலித் முதியவர்கள் பஞ்சாயத்தார் முன் நெடுஞ்சாண்கிடையாக விழவைக்கப்பட்டார்கள். ஊரடங்கில் திருவிழா நடத்திய குற்றமாம். ஊரடங்கு போட்டது அரசு. காலில் விழச் சொன்னது திண்ணை. படம் வெளியே வந்த பிறகுதான் சட்டம் கண் விழித்தது. படம் எடுக்கப்படாத கால்கள் எத்தனை?

2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், கட்டப்பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்றது. கட்டப்பஞ்சாயத்தின் பேரில் வன்முறை நடக்கப்போவது முன்பே தெரிந்தும் தடுக்காத கலெக்டரையும் எஸ்.பி.யையும் சஸ்பெண்ட் செய்யச் சொன்னது. அந்த உத்தரவை ஃபைலில் கட்டி வைத்தவர்கள், புகாரோடு ஸ்டேஷன் படியேறுபவரிடம் இன்னும் சொல்வது ஒன்றுதான்: “ஊர்ல பேசி முடிச்சுக்கோங்க.”

வாசகரே, திண்ணை கூப்பிட்டால் போகாதீர்கள். எழுத்தில் புகார் கொடுங்கள், சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பேசி முடிக்கச் சொன்ன அதிகாரியின் பெயரையும் சேர்த்து எஸ்.பி. ஆபீசுக்கு எழுதுங்கள். திண்ணையில் உட்கார்ந்தவன் குற்றவாளி. கீழே கை கட்டி நின்று வேடிக்கை பார்த்தவன் உடந்தை.