யானைப் பிரியர்கள் வருகிறார்கள், வழிவிடுங்கள்

யானைமேல் தமிழ்க் குடும்பங்கள் வைத்திருக்கும் பாசத்துக்கு அளவே கிடையாது. சந்தேகம் உள்ளவர்கள் மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் லோயர் கேம்ப் மலைப்பாதையில் நின்று பார்க்கலாம். மதுரை, திண்டுக்கல், விருதுநகர், சென்னை என எல்லா ஊர்ப் பதிவெண்ணும் போட்ட வேன்கள் கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முனகி ஏறிக்கொண்டிருக்கும். உள்ளே புளியோதரை வாசம், காதைக் கிழிக்கும் குத்துப்பாட்டு, ஜன்னலோரம் வாந்தியெடுக்கும் ஒரு பையன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் தேக்கடி என்பார்கள். எதற்கு என்றால், “பாப்பாவுக்கு யானை காட்டணும்.”

காட்டுகிறார்கள். முதலில் படகு. முல்லைப் பெரியாறு அணை 1895இல் தேக்கிய தண்ணீரில் பட்டுப்போன மரங்களின் மொட்டைத் தண்டுகள் இன்றும் நிற்கும் ஏரி அது. கரைக்கு யானைக் கூட்டம் இறங்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இறங்கும்தான். அதற்குத் தாகம் எடுக்கும்போது இறங்கும். மூன்றரை மணிப் படகுக்கு டிக்கெட் எடுத்த குடும்பத்தை முன்னிட்டு எந்த யானையும் தாகத்தை ஒத்திவைப்பதில்லை. “நாலு மான், ஒரு காட்டுப்பன்னி. இதுக்கா இவ்வளவு காசு?” என்று குடும்பத் தலைவர் படகுத்துறையிலேயே தீர்ப்பெழுதிவிடுகிறார். புலிகள் காப்பகத்தின்மேல் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போடாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

சொன்ன நேரத்துக்கு வராத யானையை நேசித்து என்ன புண்ணியம்? அதற்காகத்தான் ஊருக்குள்ளேயே வேறு யானை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்குக் கவுன்ட்டர் உண்டு, ரசீது உண்டு, விலைப்பட்டியல் உண்டு. சவாரிக்கு ஒரு விலை, பழம் ஊட்ட ஒரு விலை, தேய்த்துக் குளிப்பாட்ட ஒரு விலை. கழுத்தில் உட்கார்ந்துகொண்டு துதிக்கையால் தண்ணீர் பீய்ச்சச் சொல்லி நனைவதற்குத் தனி விலை. இதற்கு ‘ஷவர்’ என்று பெயர். அறை எடுத்த லாட்ஜிலும் ஷவர் இருக்கிறது; அதைத் திறந்தால் ஸ்டேட்டஸ் போட முடியாதே.

ஏறுகிறார்கள். தொண்ணூறு கிலோ அப்பா, அவருக்குச் சளைக்காத அம்மா, நடுவில் பாப்பா, பின்னால் மச்சான். யானையின் முதுகெலும்பிலிருந்து எலும்பு முனைகள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஆள் உட்காரவென்று இயற்கை அமைத்த முதுகு இல்லை அது. அதன்மேல் இருக்கையைக் கட்டி, வயிற்றைச் சுற்றிக் கயிறு இறுக்கி, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு குடும்பம் இறங்க மறு குடும்பம் ஏறுகிறது. பாதங்களில் வெடிப்பு, நகங்களில் புண். அடைத்து வளர்க்கும் யானைகளுக்குக் கால்நோய்தான் முதல் எதிரி என்று கால்நடை மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். காட்டில் ஒரு நாளில் பெரும்பகுதியை நடந்தும் மேய்ந்தும் கழித்து, நூற்றைம்பது கிலோவுக்கும் மேல் தழை தின்கிற உயிர் இங்கே நூறடி போய் நூறடி திரும்புகிறது.

பெரியவர்களுக்கு இதெல்லாம் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்குத் தெரிகிறது. தெரிவதால் கேட்டுத் தொலைக்கிறார்கள்.

“அப்பா, அது ஏம்ப்பா தலைய ஆட்டிக்கிட்டே இருக்கு?”

“உன்னப் பாத்து டான்ஸ் ஆடுதுடா தங்கம்.”

“கால்ல எதுக்குச் சங்கிலி?”

“கொலுசுடா அது.”

“அந்த மாமா காதுக்குப் பின்னால குச்சியால குத்துறாரே?”

“சொறிஞ்சு விடுறாரு.”

“இதோட அம்மா எங்கப்பா?”

“இங்க பாரு, கேமராவப் பாரு, சிரி!”

பொதுஅறிவு வளரட்டும் என்று கூட்டிவந்த பிள்ளைக்கு நான்கே கேள்வியில் மூன்று பொய்யையும் ஒரு மழுப்பலையும் புகட்டியாகிவிட்டது. கட்டிப்போட்ட யானை ஒரே இடத்தில் நின்று தலையை ஆட்டி முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருப்பது மன உளைச்சலின் அறிகுறி. காட்டு யானை அப்படி ஆடுவதில்லை. அதன் அம்மா எங்கே என்ற கேள்விக்கும் பதில் உண்டு. கேரளத்தில் 2018இல் எடுத்த கணக்கெடுப்பில் வளர்ப்பு யானைகள் 521. இவற்றில் கணிசமானவை அசாமிலிருந்தும் அருணாசலத்திலிருந்தும் பீகார்ச் சந்தை வழியாகவும் லாரி ஏறி வந்தவை. அம்மா அங்கே எங்கோ இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். பெண்வழிக் கூட்டமாக, பாட்டியும் பெரியம்மாவும் சித்தியும் சூழ வாழ்கிற விலங்கிடமிருந்து அதன் குடும்பத்தைப் பிரித்தெடுத்து, அதன் முதுகில் ஏறி நாம் ‘ஃபேமிலி போட்டோ’ எடுக்கிறோம்.

“ஏன் சார், குதிரையில ஏறலையா? மாட்ட ஏர்ல பூட்டலையா?” என்று ஒரு மாமா எப்போதும் மடக்குவார். மாடும் குதிரையும் ஆயிரக்கணக்கான வருஷமாக மனிதன் தேர்ந்து, பெருக்கி, தன்னோடு பழக்கிய இனங்கள். யானை அப்படி ஒருநாளும் ஆனதில்லை. இன்று நாம் பார்க்கும் வளர்ப்பு யானை ஒன்று காட்டிலிருந்து பிடிக்கப்பட்டது, அல்லது அப்படிப் பிடிபட்டதன் பிள்ளை, பேரன். ஒவ்வொரு யானையையும் தனித்தனியாக, முதலிலிருந்து உடைத்தாக வேண்டும். மரத்தூண்களை அடுக்கிக் கட்டிய கூண்டைக் ‘கரால்’ என்பார்கள். திரும்பிப் படுக்க இடமிருக்காது. சொன்னதைக் கேட்டால் கரும்பும் வெல்லமும். கேட்காவிட்டால் பட்டினி, பல இடங்களில் அடியும். காலைத் தூக்கு என்றால் தூக்கும் நாள் வரும்வரை இது நடக்கும். அந்தக் காலில்தான் பாப்பா மிதித்து ஏறுகிறாள்.

இன்னொரு மாமா ராஜராஜனை இழுப்பார். ராஜராஜன் யானை மேல் போர்க்களத்துக்குப் போனான் மாமா. நீங்கள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ரீல்ஸுக்குப் போகிறீர்கள்.

இனி, இந்தப் பாசத்தின் மறுபக்கம். 2023 ஏப்ரல் கடைசியில் மூணாறு பக்கம் சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு காப்பகத்தில் கொண்டுவந்து விட்டார்கள். பழகிய இடம் தேடி அலைந்த அந்த யானை மே 27ஆம் தேதி கம்பம் ஊருக்குள் வந்துவிட்டது. தெருவில் ஓடியது. ஊரில் 144 போட்டார்கள். யானையின் வழியில் சிக்கிக் காயமடைந்த ஏழை உழைப்பாளி ஒருவர் இறந்துபோனார். சின்னக்கானல் தோட்டத் தொழிலாளிக்கும் கம்பத்து விவசாயிக்கும் யானைமேல் பயமும் கோபமும் வர முழு நியாயம் உண்டு. அவர்களைக் கிண்டல் செய்யும் தகுதி எனக்கில்லை. என் ஆத்திரமெல்லாம் சவாரிக்காரர்கள் மேல்தான். கம்பத்திலிருந்து தேக்கடியை ஒட்டிய குமுளி இருபத்தைந்து கிலோமீட்டருக்குள். அதே கோடை, அதே மலை. மேலே காசு கொடுத்து யானையிடம் ஆசி வாங்கிய அதே வர்க்கம், சொந்தக் காலில் இறங்கி வந்த யானையைப் பார்த்ததும், “சுட்டுத் தள்ள வேண்டியதுதானே, கும்கி எங்கே, வனத்துறை தூங்குதா?” என்று வாட்ஸ்அப்பில் கூவியது. போதாக்குறைக்கு ட்ரோன் விட்டு அதை மிரளவைத்ததற்காக ஒரு யூடியூபரைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஜூன் 5ஆம் தேதி மறுபடி ஊசி, மறுபடி லாரி, களக்காடு முண்டந்துறையின் உச்சியில் கொண்டுபோய் விட்டார்கள்.

ஆக, சங்கிலியோடு வந்தால் செல்லக்குட்டி. சங்கிலி இல்லாமல் வந்தால் சமூக விரோதி.

அடுத்த வருஷம் தேக்கடி சலித்துவிடும். “அமைதியா, காட்டுக்குள்ள” வேண்டும் என்று மசினகுடிக்குக் கிளம்புவார்கள். காட்டுக்குள் என்றால் எங்கே? நீலகிரி மலைக்கும் முதுமலைக்கும் இடையே சீகூர்ப் பீடபூமியில் யானைகளின் வலசைப் பாதையில். அந்தப் பாதையை மறித்து நின்ற விடுதிகளை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் தீர்ப்புச் சொன்னது; 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மூன்றே மாதம். 2021 ஜனவரியில், விடுதிப் பக்கம் வந்த ஒரு யானையின் தலையில் எரியும் டயரை வீசினார்கள். தலையில் தீயோடு அது இருட்டுக்குள் ஓடியதை நாடே கைபேசியில் பார்த்தது. யானை செத்தது. அப்போது எத்தனை கண்ணீர் எமோஜி! எத்தனை ‘மனிதம் செத்துவிட்டது’! செத்தது மனிதம் இல்லை ஐயா, யானை. கண்ணீர் விட்ட விரல் காய்வதற்குள் அடுத்த நீண்ட வாரக்கடைசிக்கு ‘ஃபாரஸ்ட் வியூ’ அறை தேடியது. மின்வேலி போட்ட விடுதியின் புல்தரையில் கேம்ப் ஃபயர் மூட்டி, டி.ஜே. வைத்து, ஏப்பம் விட்டபடி, “யானை வரும்னாங்க, வரலையே” என்பார்கள்.

2023 மார்ச்சில், முதுமலைத் தெப்பக்காடு யானை முகாமில் வளர்ந்த ரகு முதலிய குட்டிகளின் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்ததும் இன்னொரு கூத்து. அதுவரை அந்த முகாம் எந்தத் திசை என்று தெரியாதவர்கள் எல்லாம் வண்டி கட்டிக்கொண்டு போய், “ரகு எது? ரகு எது?” என்று நச்சரித்தார்கள். தாயைப் பறிகொடுத்த குட்டியோடு செல்ஃபி எடுத்தால் ஆஸ்கரில் கால்வாசி நமக்கும் சேரும் என்ற கணக்கு.

இன்னும் வசதியானவர்கள் தாய்லாந்து போகிறார்கள். அங்கே நாகரிகம் முற்றிவிட்டது. சவாரி என்று சொல்வது அசிங்கம், ‘சரணாலயம்’ என்று பலகை வைக்கிறார்கள். சேறு பூசலாம், குளிப்பாட்டலாம். 2025 ஜனவரியில் யாவ் யாய் தீவில் அப்படிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஸ்பெயின் நாட்டு மாணவி ஒருவர் யானை தாக்கி இறந்தார். உலக விலங்குகள் பாதுகாப்பு அமைப்பு ஆசிய நாடுகளின் சுற்றுலாத் தலங்களில் 2,923 யானைகளைப் பார்த்து 2017இல் வெளியிட்ட அறிக்கையில், நான்கில் மூன்றுக்கும் மேல் கொடுமையான நிலையில் இருப்பதாகச் சொன்னது. பலகையை மாற்றிவிட்டார்கள், சங்கிலியை மாற்றவில்லை.

பாகனைப் பற்றி ஒரு வார்த்தை. குடும்பம் இறங்கியதும் ஒரு காரியம் நடக்கும். நாள் முழுக்க அந்தச் சாணத்திலும் மூத்திரத்திலும் நிற்கிற மனிதன் தயங்கித் தயங்கிக் கை நீட்டுவான். பாப்பாவின் ஐஸ்கிரீமுக்கு முந்நூறு கொடுத்த தலைவர் இருபது ரூபாயைத் தேடி எல்லாப் பையையும் தடவுவார். யானை வெகுண்டால் முதலில் சாவது அந்த ஆள். 2024 ஜூனில் மூணாறு வழியில் கல்லாறில், அனுமதி இல்லாமல் நடந்த ஒரு சவாரி மையத்தில் அப்படித்தான் ஒரு பாகன் மிதிபட்டுச் செத்தார். அதே ஆண்டு நவம்பரில் திருச்செந்தூர்க் கோயிலில் தெய்வானை என்ற யானை, தன் பாகனையும் அவருடைய உறவினரையும் கொன்றது. உறவினர் வெகுநேரம் அருகில் நின்று செல்ஃபி எடுத்ததாகச் செய்தி வந்தது. சில நாளைக்கு ‘ஐயோ பாவம்’. பிறகு பழையபடி எல்லாக் கோயில் வாசலிலும் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டி, மண்டையில் ஒரு தட்டு வாங்கிப் பூரிக்கிறோம்.

சட்டம் என்ன செய்கிறது? நிறையச் செய்கிறது, தாளில். யானை 1977இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில். 2010இல் தேசியப் பாரம்பரிய விலங்கு என்று பட்டம் வேறு. விற்கக்கூடாது, வாங்கக்கூடாது, ஆகவே ‘அன்பளிப்பு’ என்ற பெயரில் கைமாறும். 2022 திருத்தத்தில், சமயக் காரியத்துக்கோ ‘வேறு எந்தக் காரியத்துக்குமோ’ யானையை மாற்றிக்கொடுக்கலாம் என்று நாடாளுமன்றமே கதவைத் திறந்து வைத்துவிட்டது. பாரம்பரியச் சின்னத்துக்கு நாம் செலுத்தும் மரியாதை அரை மணி நேர வாடகை.

பள்ளி லீவு விட்டாகிவிட்டது, வேன் பேசியிருப்பீர்கள். குமுளி போங்கள், படகில் ஏறுங்கள், யானை வராவிட்டால் வரவில்லை என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். மீறிச் சவாரிக் கவுன்ட்டர் பக்கம் கால் போனால், ரசீது கிழிக்கும் முன் ஒன்று கேளுங்கள்: விலங்குகளைக் காட்சிக்கு விட 2001ஆம் ஆண்டு விதிப்படி விலங்குகள் நல வாரியத்தில் பெற வேண்டிய பதிவுச் சான்றிதழ் எங்கே? காட்டவில்லை என்றால் அங்கேயே நின்று வனத்துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் புகார் எழுதுங்கள். காட்டினாலும் ஏறாதீர்கள்.